மூன்று தலைமுறைப் பெயர்

ஹேமநாத் அழவில்லை. அழுதிருந்தால் வேலை சுலபம். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். இவன் லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்து, சிறுசேரி ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற அதே குரலில், தான் தன் அம்மாவுக்குப் பிறந்தவன் இல்லை என்பதைப் படம் போட்டு விளக்கினான்.

துப்பறிவாளன் ஜோஸ்வின் குறுக்கே பேசாமல் கேட்டான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவருக்கு நேர் மேலே இருந்தது அவன் அலுவலகம். கீழே பல்லைத் துளைக்கும்போதெல்லாம் மேலே வழக்கோடு வருகிறவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும். ஹேமநாத்தும் அடிக்கடி நிறுத்தினான். பொருத்தமான இடங்களில்தான் நிறுத்த நேர்ந்தது.

விஷயம் இதுதான். ஹேமநாத்துக்குத் தன் வம்சத்தைத் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. வருடக்கணக்காகச் சனி ஞாயிறுகளில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், பத்திரங்களைப் புரட்டி, பெரியவர்களைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டு, எட்டுத் தலைமுறைவரை போய்விட்டான். போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒரு முத்திரை வைக்க ஆசை வந்தது. உமிழ்நீரைக் குழாயில் பிடித்து அனுப்பினால் மரபணுவைப் பார்த்து உறவு சொல்லும் கம்பெனி ஒன்று இருக்கிறது. தனக்கொன்று, அம்மாவுக்கொன்று வாங்கினான். அப்பா காலமாகிவிட்டார். ஆடி அமாவாசையன்று இரண்டு குழாய்களும் போயின. ஐப்பசியில் பதில் வந்தது.

பதிலில் அம்மாவுக்கும் மகனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் ஒன்று இருந்தது. ஜெயப்ரியா என்று ஒரு பெண். பூர்விகம் கோவளம், மீனவக் குடும்பம். அம்மா அவளுக்கு அத்தை அல்லது சித்தி முறை வேண்டுமாம்.

"உங்க அம்மா பேரு சார்?" என்று கேட்டாள் சரிதா.

"அபிதகுஜாம்பாள்."

சரிதா அதை எழுத ஆரம்பித்து, பாதியில் 'அம்மா' என்று போட்டு முடித்துக்கொண்டாள். அவள் ஜோஸ்வினின் உதவியாளர். நாற்பதைத் தாண்டியவள். முன்பு ஒரு கூரியர் ஆபீஸில் இருந்தாள். பார்சலைப் பிரிக்காமலே உள்ளே என்ன என்று சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. மனிதர்களிடமும் அதையே செய்வாள்.

ஆய்வகத்தில் ஏதாவது மாறியிருக்கலாமே என்றான் ஜோஸ்வின். ஹேமநாத் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டான். அங்கே தவறில்லை. இங்கே தவறு நடக்க வழியே இல்லை. அம்மா கூச்சப்படுவாளே என்று அவன் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள். அவனே மூடினான், அவனே அனுப்பினான். ஆதாரத்துக்குப் படமும் எடுத்து வைத்திருந்தான்.

படத்தில் இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று தெளிவாக இருந்தது. மற்றது செங்கல் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"இது?"

"அது அம்மாவோடது. காபி குடிச்சிருப்பா."

சரிதா எட்டிப் பார்த்தாள். "காபி இந்தக் கலர்ல கீதுன்னா, மொதல்ல அந்தக் காபியத்தான் சார் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

ஹேமநாத் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திதி. அதில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரையும் கோத்திரத்தையும் அவன் வாயால் சொல்ல வேண்டும். சாஸ்திரிகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ரிப்போர்ட் வந்ததிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை.

"யார் பேரை சார் நான் சொல்றது?" என்றான். "எட்டுத் தலைமுறை மனப்பாடம். ஒண்ணுகூட என்னோடது இல்ல."

"அம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லிடுவா சார். அதான் பயம்."

கீழே துளைக்கும் சத்தம் எழுந்தது. ஜோஸ்வின் அது நிற்கும்வரை மேஜையின் கீழ் இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சுஜியின் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட் அதில் இருக்கிறது. சுஜி போன வருடம் இறந்துபோனாள். உறையை அவன் இன்னும் பிரிக்கவில்லை.

"பார்க்கறேன்," என்றான்.

ஹேமநாத் படியிறங்கியதும் சரிதா சொன்னாள்: "அவர் கணக்குப்படி பார்த்தா அம்மா மீனவ வூட்லேர்ந்து வந்த தத்து. இவரு வேற எங்கேர்ந்தோ வந்த தத்து. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா சார்?"

ஜோஸ்வின் பைக் சாவியை எடுத்தான்.

ஜெயப்ரியாவின் வீடு மேடவாக்கத்தில், எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு குடியிருப்பில். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையிலும் வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்று தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை என்று காவலாளி அவர்களுக்குச் சொன்னார். அவருக்கு இதில் குறையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜெயப்ரியாவும் ஐ.டி.தான். அன்று வீட்டிலிருந்து வேலை. விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தாமல் நாற்காலி போட்டாள். அவளும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தாள். அபிதகுஜாம்பாள் என்ற பெயருக்கு மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தாள். பதில் இல்லை.

"எங்களுக்கு எங்க தாத்தா மேலதான் சந்தேகம் சார்," என்றாள். மீனுக்கு வியாபாரம் பேசத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அடிக்கடி போவாராம். அங்கே ஐயர் வீட்டில் அவருக்கு என்ன வேலை என்பதுதான் புரியவில்லை. அப்பாவிடம் சொன்னாள். அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

"ஒரு ரிப்போர்ட்டு, ரெண்டு வூட்ல அடுப்பை அணைச்சிருக்கு," என்றாள் சரிதா. "கேஸ் கம்பெனிக்காரன் கேட்டா வருத்தப்படுவான்."

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. அப்பா துரை உள்ளேதான் இருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு மகளோடு வந்துவிட்டவர். ஐந்தாவது மாடிக்குக் காற்று வருகிறதே தவிர வாசனை வரவில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டான் ஜோஸ்வின். ஒரே ஒரு தங்கச்சி, என்றாள் ஜெயப்ரியா. இறந்துபோய்விட்டார். தான் பிறப்பதற்கு முன்பே.

ஜோஸ்வின் சுவரைப் பார்த்தான். தாத்தா படம். சந்தன மாலை. ஆயா படம். சந்தன மாலை. பெரியப்பா முறையில் ஒருவர், கடலில் போனவர். அவருக்கும் மாலை. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"அத்தை படம் எங்க?"

ஜெயப்ரியா திரும்பிப் பார்த்தாள். அந்தச் சுவரை அவள் தினமும் பார்க்கிறாள். இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருந்தது. உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அத்தை ஒரு கட்டட மேஸ்திரியோடு போய்விட்டாராம். அப்பா அன்றைக்கே கடலில் தலைமுழுகிவிட்டு வந்தாராம். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. அதனால் அவளுக்கே பெயர் தெரியாது. "எங்க வூட்ல செத்துட்டாங்கன்னா அதுக்கு இதான் சார் அர்த்தம்."

"வேற என்ன தெரியும் அவங்களைப் பத்தி?"

"சின்ன வயசுலேர்ந்தே வெத்தலை போடுவாங்களாம். ஆயாவோட சுருக்குப்பையிலேர்ந்து திருடி. எவ்ளோ அடிச்சும் விடலயாம். அது ஒண்ணுதான் அப்பா எப்பவாவது சொல்வாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவ செத்துட்டா."

"தெரியும்ப்பா," என்றாள் ஜெயப்ரியா.

கீழே இறங்கியபோது லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. சரிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, கேஸ் முடிந்தது என்றாள். ஓடிப்போன தங்கச்சிதான் அந்த அபித மாமி. பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"துரைக்கு என்ன வயசிருக்கும்?"

"அறுவது. பொண்ணு சொல்லிச்சே."

"மாமிக்கு அறுபத்தெட்டு."

சரிதா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தங்கச்சி அண்ணனைவிட எட்டு வயது மூத்தவளாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்திருப்பாள். பள்ளிக்கரணை தாண்டும்போது பின்னாலிருந்து கத்தினாள்: "அப்ப அந்தக் குழாய்ல இருந்தது யாரு சார்?"

அதுதான் கேள்வி.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஹேமநாத்தின் வீடு. அபிதகுஜாம்பாள் கதவைத் திறந்தார். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. ஹேமநாத்தின் நண்பர்கள், இந்தப் பக்கமாக வந்தோம் என்றான் ஜோஸ்வின்.

அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவன் வெளியில சாப்பிடறானா?" என்று கேட்டார்.

சாப்பிடுகிறார் என்றான் ஜோஸ்வின். அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

காபி வந்தது. அவரும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டார். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொண்டார். சரிதா தன் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினாள். மாமியின் கண் அந்த டம்ளரை ஒருமுறை தொட்டு விலகியது. அது இனி தனியாகத் தேய்க்கப்படும் என்று ஜோஸ்வினுக்குத் தோன்றியது.

பிறகு மாமி விட்ட வேலையைத் தொடர்ந்தார். மடியில் மகனுடைய சட்டை. பட்டன் தைக்க வேண்டும். பேசிக்கொண்டே நூலை ஊசியில் கோர்க்கப் பார்த்தார். நுனி பிரிந்து நின்றது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். நூல் நுனியை அதில் தொட்டு, விரலால் முறுக்கி, மறுபடி முயன்றார். நுழையவில்லை. மறுபடி கிண்ணம்.

ஜோஸ்வின் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நூலை எல்லாரும் வாயில வச்சுத்தானே மாமி நனைப்பாங்க?"

"சீ. எச்சில்."

கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஜோஸ்வின் எழுந்து அந்தக் கதவுவரை போனான். குழாயடியில் ஒரு பெண் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு கன்னம் உப்பியிருந்தது. தலையைத் திருப்பிச் சாக்கடையில் சிவப்பாகத் துப்பிவிட்டுத் தேய்ப்பைத் தொடர்ந்தாள். கூடத்திலிருந்தும் தெரிகிற ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"மாமி, ஆடி அமாவாசையன்னிக்கு ஹேமநாத் உங்ககிட்ட ஒரு குழாய் குடுத்தாரே."

ஊசி நின்றது.

"அதுல நீங்க துப்பலை."

மாமி சட்டையை மடித்தார். மடித்த சட்டையை இன்னொரு தரம் மடித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு அமாவாசைச் சமையல். அவர் மடி உடுத்தி அடுப்படியில் இருந்தார். இவன் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து, இதில் துப்பு, கோடு வரைக்கும் என்றான். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறான். துப்பினால் குளிக்க வேண்டும், குளித்தால் சமையல் நேரம் தப்பும். மாட்டேன் என்றால் முகம் வாடிவிடும். குழந்தையிலிருந்தே அவனுக்கு அப்படி.

"கொல்லையில அஞ்சம்மா இருந்தா. குடுத்தேன். எச்சில்தானே, அதுல ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன வித்தியாசம்?"



"அத அந்த ஜன்னல் டம்ளர்கிட்ட சொல்லுங்க மாமி," என்றாள் சரிதா.

மாமி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. 

ஜோஸ்வின் மீதியைச் சொன்னான். ரிப்போர்ட், கோவளம், ஞாயிற்றுக்கிழமை, சாஸ்திரிகள். சுருக்கமாகச் சொன்னான். சுருக்கமாகச் சொன்னாலும் அது நீளமாகத்தான் இருந்தது. மாமி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"அதுக்கா சாப்பிடல?" என்றார். கொஞ்சம் கழித்து, "மூணு வாரமா அம்மான்னு கூப்பிடல. 'இதோ பாரு'ங்கறான். எவளையோ மனசுல வச்சுண்டு சொல்லப் பயப்படறான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

தேய்க்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அஞ்சம்மாள் ஈரக்கையோடு கதவோரம் வந்து நின்றாள். "அன்னிக்கே சொன்னேன்மா. வெத்தலை வாயி, வேணாம்னு. நீதான் கேக்கல."

ஜோஸ்வின் அவளைப் பார்த்தான். "கோவளத்துல உங்க அண்ணன் பேரு துரையா?"

அஞ்சம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கைதான். "நான் செத்துட்டேன்னு சொல்லியிருப்பாரே."

"சொன்னார். ஆனா உங்க படத்துக்கு மாலை போடல. இடம் மட்டும் விட்டு வச்சிருக்கார்."

அவள் வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஹேமநாத்தைப் போன் போட்டு வரச் சொன்னார்கள். வந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். சந்தோஷப்படுவான் என்று சரிதா எதிர்பார்த்தாள். அவன் ஆராய்ச்சிக்காரன்.

"இது ஒரு விளக்கம்தான் சார்," என்றான். "அந்தக் குழாய் அஞ்சம்மாவோடதுன்னு ஆகுது. சரி. ஆனா நான் இவளுக்குப் பிறந்தவன்னு இதுல எங்க இருக்கு?"

உண்மைதான்.  ஜோஸ்வின் ஒரு பொய்யை உடைத்திருந்தான், அவ்வளவுதான். உடைந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ரிப்போர்ட் இன்னும் சொல்லவில்லை.

மாமி மகனைப் பார்த்தார். "உங்கிட்ட இன்னொண்ணு இருக்கா, அந்தக் குழாய்?"

இருந்தது. ஆஃபரில் மூன்றாக வந்திருந்தது. சரிதா ஜோஸ்வினை ஒரு பார்வை பார்த்தாள். ஆஃபர் விஷயத்தில் மட்டும் அவள் காலையிலேயே சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

"பதில் வர ரெண்டரை மாசம் ஆகும். ஞாயித்துக்கிழமை தாண்டிடும்," என்றான் ஹேமநாத்.

"நீ கொண்டா."

திதிக்கு முந்தின நாட்கள். மாமிக்கு இது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குழாயை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அடக்கியது, கேட்டவுடன் வந்துவிடுமா?

"புளியங்காயை நெனைச்சுக்கோங்க மாமி," என்றாள் சரிதா. கிண்டல் இல்லை. உதவியாகத்தான் சொன்னாள்.

ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. மாமியின் தோள் ஒவ்வொரு முறையும் குலுங்கியது. நடுவில் ஒரு முறை குமட்டினார். குழாயைக் கீழே வைக்கவில்லை.

ஹேமநாத் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டுத் தலைமுறைக்கும் பத்திரம் தேடினவன். எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதவன். அவன் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"சாஸ்திரிகளா? ஹேமநாத் பேசறேன். ஞாயித்துக்கிழமை வந்துடுங்கோ." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, ஒண்ணுமில்ல. பேரெல்லாம் இருக்கு. மூணு தலைமுறையும் நானே சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போனான். "போறும்மா. விடு."

முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது. "இரு. கோடு வரல."

கோடு வந்ததும் திரும்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது. குழாயை மகனிடம் நீட்டினார். தெளிவாக, கண்ணாடி மாதிரி இருந்தது. இனி அனுப்பத் தேவையில்லை என்றான் ஹேமநாத். தனக்கு இதுவே போதும் என்றான். 

"அனுப்பு," என்றார் மாமி. "இவ்வளவு கஷ்டப்பட்டுத் துப்பியிருக்கேன். வீணாக்காதே."

குளிக்கப் போக வேண்டும். கொல்லைக் கதவை நோக்கி நடந்தார். அஞ்சம்மாள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மாமி அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி அடுப்படிக்குள் போனார். வந்தபோது கையில் காபி இருந்தது. கூடத்து டம்ளர்.

அஞ்சம்மாள் டம்ளரைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"குடி," என்றார் மாமி. "எப்படியும் நான் குளிக்கத்தான் போறேன்."